ஊரைவிட்டுப் போன உறவு திரும்பி வரும்போது: சேர்ந்து ஊரைப் பார்க்க மதுரையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

எங்கள் அத்தை 1981-இல் கல்யாணமாகி பம்பாய்க்குப் போனவர். அதன்பிறகு மதுரைக்கு வராமல் இல்லை. ஆனால் வந்ததெல்லாம் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் துக்கத்துக்கும்தான். ஸ்டேஷனிலிருந்து மண்டபம், மண்டபத்திலிருந்து ஸ்டேஷன். மாமா தவறி ஒரு வருஷம் திரும்பிய பிறகு, இந்தத் தை மாதம்தான் எந்த விசேஷமும் இல்லாமல் ஒன்பது நாள் எங்களோடு வந்து இருந்தார்.

நான் இதே ஊரில் பிறந்து, படித்து, வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவள். எனக்கு மிஞ்சியிருந்த மதுரையோ காளவாசல் சிக்னலும் அலுவலகமும் பையனின் பள்ளிக்கூட வாசலும்தான். மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் போயே இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அத்தை வருவதற்கு முன்பே ஒரு பட்டியல் போட்டிருந்தேன்: திருமலை நாயக்கர் மஹால், அழகர்கோவில், பழமுதிர்சோலை, ஒரு நாள் கொடைக்கானல். முதலில் மஹாலுக்குக் கூட்டிப்போனேன். அத்தை தூண்களை அண்ணாந்து பார்த்தார், நன்றாயிருக்கிறது என்றார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் கேட்டார்: "தெற்கு வாசல் பக்கம் ஒரு மாவு மில்லு இருக்குமேடி, வாசல்ல வேப்பமரம் நிக்கும். அது இருக்கா?"

எனக்குத் தெரியவில்லை. அந்த வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். மில்லும் தெரியாது, மரமும் தெரியாது. அன்று ராத்திரி பட்டியலைக் கிழித்துவிட்டேன். அதற்குப் பிறகு வந்த ஏழு நாளில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். இடங்களெல்லாம் மதுரையில் இருப்பவை. வழிமுறை எந்த ஊருக்கும் பொருந்தும்.

முதல் படி: வருவதற்கு ஒரு மாதம் முன்பே போனில் கேளுங்கள்

"எங்கெல்லாம் போகணும்?" என்று கேட்காதீர்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் யாராக இருந்தாலும் ஒரே பதில்தான் வரும்: "எனக்கெதுக்கு அதெல்லாம், உங்களப் பார்த்தா போதும்." இடத்தைக் கேட்டால் இப்படித்தான். பழக்கத்தைக் கேட்டால் இடம் தானாக வந்து விழும். சின்ன வயதில் எந்தக் கடைக்கு அனுப்புவார்கள்? பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியாக நடந்தீர்கள்? யாரோடு சினிமாவுக்குப் போவீர்கள், எந்தத் தியேட்டர்? தீபாவளிக்கு மறுநாள் காலையில் வீட்டில் என்ன சமையல்? வீட்டுக்குத் தெரியாமல் வாங்கித் தின்றது எது? ஒரு தடவைக்கு ஒரு கேள்வி போதும். வாரம் இரண்டு போன் பேசினால் ஒரு மாதத்தில் எட்டு இடம் சேர்ந்துவிடும். நான் இதை முன்பே செய்யவில்லை. செய்திருந்தால் அந்த இரண்டு நாள் வீணாகியிருக்காது.

இன்னொரு கேள்வியையும் கேட்டே ஆகவேண்டும்: "யாரைப் பார்க்க வேணாம்?" ஊரைவிட்டுப் போனவர்களுக்கு ஊரில் பார்க்க விரும்பாத ஒரு வீடாவது இருக்கும். காரணம் கேட்காமல், தெரிந்து மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பற்றியும் கூச்சப்படாமல் கேளுங்கள். முழங்கால் எப்படி இருக்கிறது, எத்தனை படி ஏற முடியும், ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பார், மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, காரம் எவ்வளவு. எங்கே போவது, எத்தனை மணிக்குப் போவது என்று எல்லாவற்றையும் தீர்மானிக்கப் போவது இதுதான்.

எப்போது வரச் சொல்வது? மதுரைக்கு மார்கழியும் தையும்தான் நல்ல காலம். வெயில் அடங்கியிருக்கும், வயதானவர்கள் காலையில் பத்து மணி வரைக்கும் நடக்கலாம். சித்திரையில் மீனாட்சி திருக்கல்யாணம், தேர், அழகர் ஆற்றில் இறங்குவது என்று ஊரே திரண்டு நிற்கும். திருவிழாவுக்காகவே வருகிறவர் என்றால் தாராளமாக அப்போது வரட்டும். ஊரை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பவரை அந்தக் கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். சித்திரை வெயிலையும் சேர்த்து யோசியுங்கள்.

இரண்டாம் படி: வீடு

இதில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கழிவறைக்குப் போகும் வழியில் ராத்திரி விளக்கு, குளியலறையில் வழுக்காத மிதியடி, உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூல், கட்டிலருகே தண்ணீர்ச் செம்பு, பெட்டியைக் குனியாமல் திறக்க ஒரு பெஞ்சு. அவ்வளவுதான்.

முக்கியமானது வீட்டுச் சாவி. வந்த அன்றே ஒரு சாவியைக் கையில் கொடுத்துவிடுங்கள். "விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பார்கள். மூன்று நாளுக்கு மேல் ஒருவர் நம் வீட்டில் நிம்மதியாக இருக்க வேண்டுமென்றால் அவர் விருந்தாளியாக இருக்கக்கூடாது. எங்கள் வீட்டில் மூன்றாம் நாள் காலையில் அத்தை தானே அரிவாள்மனையை எடுத்து வைத்துக்கொண்டு கீரை ஆய ஆரம்பித்தார். தடுக்கப் போன என்னை என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து நிறுத்தினார். அன்றைக்குப் பிறகுதான் அத்தை எங்கள் வீட்டில் சத்தமாகச் சிரித்துப் பேசினார்.

மூன்றாம் படி: முதல் நாள் எங்கும் போகாதீர்கள்

பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் வந்து நிற்கும். தூக்கமில்லாத கண்ணோடு இறங்குகிறவரை அன்றே கோவிலுக்கு இழுத்துப் போகவேண்டாம். குளித்து, இட்லி சாப்பிட்டு, மத்தியானம் தூங்கட்டும். சாயங்காலம் தெருமுனை வரைக்கும் ஒரு நடை, ஒரு காபி. அவருக்கு நம் தெரு பழக வேண்டும், நமக்கு அவருடைய நடையின் வேகம் பழக வேண்டும். அத்தை என்னைவிட மெதுவாக நடப்பார் என்று நினைத்திருந்தேன். நடையில் குறையில்லை, படியிறங்கும்போதுதான் கைப்பிடி தேவைப்பட்டது. இந்த ஒன்று தெரிந்ததால் பின்னால் பல இடங்களில் சிரமமில்லாமல் போயிற்று.

நான்காம் படி: ஒரு நோட்டில் ஊரை வரையச் சொல்லுங்கள்

எனக்கு மிகவும் பலன் தந்தது இதுதான். நாற்பது பக்க நோட்டு ஒன்று, இரண்டு நிறப் பேனா. நீலத்தில் அவர் நினைவிலிருக்கும் ஊர், சிவப்பில் இப்போதிருக்கும் ஊர்.

இந்த விஷயத்தில் மதுரைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். நடுவில் கோவில் என்று ஒரு கட்டம் போட்டால் போதும். அதற்குள்ளேயே ஆடி வீதி, மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. கட்டத்துக்கு வெளியே கட்டமாக ஊர் விரிந்துகொண்டே போகும். ஒவ்வொன்றிலும் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு. அந்தந்த மாதத் திருவிழாவுக்குச் சாமி வலம்வந்த வீதி என்பதால் மாதத்தின் பெயர். மாசியில் நடந்த தேரைத் திருமலை நாயக்கர் காலத்தில் சித்திரைக்கு மாற்றியதால், இப்போது சித்திரைத் தேர் மாசி வீதிகளில் ஓடுகிறது. வெளி வீதி இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840-களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் கோட்டையை இடிக்கச் செய்து ஊரை விரித்தார். அந்த வேலையைப் பார்த்தவர்களின் பெயரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கின்றன. பிளாக்பர்ன் நினைவாக நட்டதுதான் விளக்குத்தூண். துணி எடுக்க அங்கே போகாத மதுரைக் குடும்பம் கிடையாது. அது யாருக்காக நட்ட தூண் என்பது எனக்கே இந்த நோட்டு போட்ட பிறகுதான் தெரிந்தது.

அத்தை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வரைந்தார். தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்து, அதற்குள் எட்டுக் குடித்தனம் இருந்த வளவு, பொதுக் குழாய், மாவு மில்லு, மருந்துக்கடை, பாட்டு வகுப்பு நடந்த மாடி. பையன் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மாச்சி, ஒரே குழாயில எட்டு வீடு எப்படித் தண்ணி பிடிச்சீங்க?" என்று கேட்க, அதற்கே முக்கால் மணி நேரம் ஆனது. அவசரப்படுத்தாதீர்கள். வழியும் தூரமும் தப்பாக இருந்தாலும் திருத்தாதீர்கள். பத்து வயதில் நீளமாக இருந்த தெரு படத்திலும் நீளமாகவே இருக்கட்டும்.

ஐந்தாம் படி: நீல மையைப் பிடித்துக்கொண்டு காலையில் நடங்கள்

காலை ஆறு மணிக்குக் கிளம்பி எட்டரைக்குள் திரும்பிவிடுங்கள். மாசி வீதிகளில் ஒன்பது மணிக்குமேல் லோடு வண்டியும் டூவீலரும் நிறைந்துவிடும், நின்று பேச இடமிருக்காது. ஒரு நாளைக்கு ஒரு வீதி போதும். அவர் முன்னால் நடக்கட்டும், நீங்கள் அரை அடி பின்னால் நில்லுங்கள். எந்தப் பக்கம் திரும்புவது என்பது அவர் வேலை.

மேல மாசி வீதியில் கதர்க்கடை இருக்கும் கட்டடத்தின் முன்னால் அத்தை நின்றார். 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி காந்தி மேல்சட்டையைக் கைவிட்டு அரைவேட்டியோடு வெளியே வந்த வீடு அது. எனக்கு அது பாடப்புத்தகச் செய்தி. அத்தைக்கோ அவருடைய தாத்தா அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார் என்பது ஞாபகம். எங்கள் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி நான் கேட்ட முதல் சங்கதி அது.

நடக்கும்போது இரண்டு சிக்கல் வரும். இரண்டுக்கும் தயாராக இருங்கள்.

ஒன்று, இடமே இல்லாமல் போயிருப்பது. ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று மதுரைக்காரர்கள் பெருமை பேசிய, 2,500-க்கும் மேல் இருக்கைகள் கொண்ட தங்கம் தியேட்டர் இன்று இல்லை. அந்த இடத்தில் பல மாடி ஜவுளிக்கடை நிற்கிறது. கோவிலின் கிழக்கு வாசலுக்கு எதிரே புதுமண்டபத்தில் தையல்காரர்களும் புத்தகக்கடைகளும் வளையல் கடைகளும் நெருக்கியடித்து இருந்தன. எனக்கும் அத்தைக்கும் இருபது வருஷ வயது வித்தியாசம் இருந்தும், இருவரும் முதல் பாவாடை தைத்துக்கொண்டது அங்கேதான். அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். கோவிலுக்குப் பக்கத்திலிருந்த சென்ட்ரல் மார்க்கெட் மாட்டுத்தாவணிக்குப் போய்விட்டது. இப்படி ஓர் இடம் வந்தால் "எல்லாம் போச்சு அத்தை" என்று நாம் முந்திக்கொண்டு சொல்லக்கூடாது. சும்மா நில்லுங்கள். எதிர்க்கடையில் வயதானவர் யாராவது உட்கார்ந்திருப்பார், அவரிடம் விசாரியுங்கள். மாவு மில்லு என்னவாயிற்று என்று எங்களுக்குச் சொன்னது ஒரு சைக்கிள் கடைக்காரர். மில்லை மூடி இருபது வருஷம் ஆகிவிட்டது, வேப்பமரம் மட்டும் பக்கத்து வீட்டு மதிலுக்குள் நிற்கிறது. அத்தை மதிலுக்கு வெளியே தொங்கிய கிளையிலிருந்து ஒரு கொழுந்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

இரண்டு, இடம் இருந்தும் வேறு ஆட்கள் குடியிருப்பது. அத்தை பிறந்த வளவு இன்னும் இருக்கிறது. இப்படி ஒரு வீட்டுக்குப் போவதற்கு முறை இருக்கிறது. விடியற்காலையில் போகாதீர்கள், விளக்கு வைக்கும் நேரத்திலும் வேண்டாம். காலை பத்தரை, பதினொன்று சரியான நேரம். முதலில் நீங்கள் மட்டும் போய், "எங்க அத்தை இந்த வீட்டுலதான் பொறந்தவங்க, வெளிய நின்னு பார்த்துட்டுப் போயிடுறோம்" என்று சொல்லுங்கள். உள்ளே வரலாமா என்று கேட்காதீர்கள், அவர்களாகக் கூப்பிட்டால் போங்கள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழமாவது இருக்கட்டும். போனை வெளியே எடுக்க வேண்டாம். எங்களை அந்த வீட்டு அம்மா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தார். முற்றத்துக் கல் அதே கல். பொதுக் குழாய் இருந்த மூலையில் இப்போது வாஷிங் மெஷின். அரைமணி நேரத்துக்குள் எழுந்துவிடுங்கள். அங்கே கண் கலங்கினால் ஆறுதல் சொல்லிப் பேச்சை மாற்ற வேண்டாம்.

ஆறாம் படி: கோவிலுக்குத் தனியாக ஒரு சாயங்காலம்

மீனாட்சி அம்மன் கோவிலை வேறெதோடும் சேர்க்காதீர்கள். மதியம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தி நான்கு மணிக்குத் திறப்பார்கள். கைபேசியை உள்ளே கொண்டுபோக முடியாது. வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது உத்தமம், வரிசையில் ஒரு வேலை குறையும். முழங்கால் வலி இருப்பவருக்குக் காலுறை எடுத்துக்கொள்ளுங்கள், கல்தரை பகலில் சுடும், தையில் ராத்திரி சில்லிடும். சக்கர நாற்காலி தேவை என்றால் முதல் நாளே விசாரித்து வையுங்கள்.

தரிசனத்தை மட்டும் முடித்துக்கொண்டு ஓடிவராதீர்கள். பொற்றாமரைக் குளத்துப் படியில் அரைமணி நேரம் உட்காருங்கள். கிளிக்கூட்டு மண்டபத்தில் அத்தை சின்ன வயதில் பார்த்த கிளிகள் இப்போது இல்லை. "மீனாட்சி, மீனாட்சின்னு கூப்பிடுமடி" என்று அத்தை சொல்லிக்காட்டிய குரலைப் பையன் வீட்டுக்கு வந்தும் சொல்லிக்கொண்டே இருந்தான். முக்குறுணிப் பிள்ளையார் முன்னால் நின்று அந்தப் பெயருக்குக் காரணம் கேட்டான். ஒரு குறுணி ஆறு படி, மூன்று குறுணி பதினெட்டுப் படி, பிள்ளையார் சதுர்த்திக்குப் பதினெட்டுப் படி அரிசியில் அவருக்கு ஒரே கொழுக்கட்டை என்று அத்தை கணக்குச் சொன்னார். ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்தான் என்று நான் என் பங்குக்குச் சொன்னேன்.

கோவிலில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை இன்னொன்று உண்டு. 1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்டவர்களோடு இந்த வாசலுக்குள் நுழைந்த அன்றுதான், அதுவரை வெளியே நிறுத்தப்பட்டிருந்த மக்களுக்கு இந்தக் கதவு திறந்தது. அத்தையின் அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. ஊரில் அன்று எழுந்த கோபமும் சந்தோஷமும் அவர் வாய்வழியாக அத்தைக்கு வந்து, அன்று எங்களுக்கும் வந்தது. நல்ல சேதியை மட்டும் சொல்லி ஊரைக் காட்டினால் பாதி ஊர்தான் தெரியும்.

உடம்பு தாங்குமானால் ராத்திரி பள்ளியறை பூஜை வரைக்கும் இருங்கள். சொக்கநாதரின் பாதம் பல்லக்கில் மீனாட்சியின் பள்ளியறைக்குப் போகும். நாதசுரமும் தூபமும் சேர்ந்து, பகலில் அவ்வளவு கூட்டம் நின்ற கோவில் ஒரு வீடு மாதிரி ஆகிவிடும். மாமாவுக்குப் பிறகு இந்த பூஜையைப் பார்க்க அத்தைக்கு மனது வருமா என்று எனக்குத் தயக்கம் இருந்தது, அதனால் முன்கூட்டியே கேட்டுவிட்டேன். "அதப் பார்க்கத்தானே வந்தேன்" என்றார்.

ஏழாம் படி: இப்போது சிவப்பு மை

இத்தனை நாள் அவர் ஊரைப் பார்த்தாயிற்று. இனி அவர் போன பிறகு வந்த ஊரைக் காட்டுங்கள். இதை விட்டுவிட்டால் ஊர் செத்துப்போன மாதிரி ஒரு நினைப்போடு திரும்புவார்.

நான் முதலில் கூட்டிப்போனது வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு. 1645-இல் வெட்டிய குளம். நாங்கள் சின்னப்பிள்ளைகளாக இருந்தபோது வறண்டு கிடக்கும், உள்ளே நாலைந்து கிரிக்கெட் ஆட்டம் ஒரே நேரத்தில் நடக்கும். பனையூர்க் கால்வாயைச் சரிசெய்து வைகைத் தண்ணீர் வரத் தொடங்கிய பிறகு குளம் நிறைந்து நிற்கிறது. சாயங்காலம் ஊரே கரையில் உட்கார்ந்திருக்கிறது. அத்தை விட்டுப்போனதைவிட நன்றாக இருக்கும் ஓர் இடத்தைக் காட்ட முடிந்ததில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மறுநாள் புதுநத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். அத்தை குழந்தைகள் பகுதியில் உட்கார்ந்து பையனுக்கு ஒரு புத்தகத்தை வாசித்துக்காட்டினார். பம்பாயில் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது. அது அவருக்கு மனதில் இருக்கும் குறை. அதைப் பற்றி அங்கே நிறையப் பேசினார்.

பிறகு கீழடி. ஊரிலிருந்து தென்கிழக்கே 12 கிலோமீட்டர். 2014-15-இல் அகழாய்வு தொடங்கியது, அருங்காட்சியகம் 2023 மார்ச் 5-இல் திறந்தது. செட்டிநாட்டு வீடு மாதிரி முற்றமும் தூணுமாகக் கட்டியிருக்கிறார்கள், உட்கார்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். விடுமுறை நாள் எது என்று கேட்டுக்கொண்டு போங்கள். ஆதன், குவிரன் என்று தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகளின் முன்னால் அத்தை குனிந்து நின்றார். "பாத்திரத்துல பேர் வெட்டுறது நம்ம வீட்டு வழக்கம்னு நினைச்சேன். இம்புட்டுக் காலமா உண்டா!" எங்கள் வீட்டு வெண்கலப் பானையில் தாத்தா பெயர் இருப்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

எட்டாம் படி: இருவருமே பார்க்காத ஓர் இடம்

இந்தப் படியைத் தவறவிடாதீர்கள். அவர் ஊரில் அவர் வழிகாட்டி, உங்கள் ஊரில் நீங்கள் வழிகாட்டி. யாருக்குமே தெரியாத இடத்தில்தான் இருவரும் ஒன்றாக வியந்து நிற்க முடியும். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள், இருவரும் போகாத இடம் ஒன்று நிச்சயம் இருக்கும்.

எங்களுக்கு அது கீழக்குயில்குடி சமணர் மலை. தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் திரும்ப வேண்டும். அடிவாரத்தில் தாமரைக்குளம், விழுது இறங்கிய ஆலமரங்கள், பெரிய குதிரைகள் நிற்கும் கோவில். காலை ஏழு மணிக்குப் போய்விட்டோம். மலையைச் சுற்றிப் போனால் செட்டிப்புடவு. அங்கே குகையின் முகப்பில் அமர்ந்த கோலத்தில் பெரிய தீர்த்தங்கரர் சிற்பம். ஏறுவதற்குப் படி குறைவு என்பதால் அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார். பேச்சிப்பள்ளத்துக்கு இன்னும் மேலே ஏற வேண்டும். பாறையில் வெட்டிய படிதான், ஆனால் இறங்கும்போது முழங்கால் பேசும். அத்தை பாதியில் நிழலாகப் பார்த்து உட்கார்ந்துகொள்ள, நானும் பையனும் போய் வந்தோம்.

மேலே சுனைக்குப் பக்கத்தில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள், ஆயிரம் வருஷத்துக்கு முந்தியவை. சிற்பங்களின் கீழே வட்டெழுத்து. அதில் ஒன்று, சமணத் துறவி அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்கிறது. இறங்கி வந்து இதைச் சொன்னதும் அத்தை அந்தப் பெயரை இரண்டு தடவை சொல்லிப்பார்த்தார். "மகன் சாமியாராப் போயிருக்கான். அம்மா சிலை செஞ்சு வச்சிருக்கா." பிறகு கீழே குளத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அவருடைய மூத்த மகன் கனடா போய் ஆறு வருஷம் ஆகிறது.

தண்ணீர், தொப்பி, இட்லிப் பொட்டலம் கையோடு கொண்டு போங்கள். மலையில் கடை கிடையாது. குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள். பத்து மணிக்குள் இறங்கிவிடுங்கள், பாறை சூடேறிவிடும்.

சாப்பாடு

வெளியில் ஒரு நாளைக்கு ஒரே வேளைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் ஆசை எல்லாம் தெருவோரத்தில்தான் இருக்கிறது. காலையில் சூடாகப் பருத்திப்பால், மத்தியானம் ஜிகர்தண்டா, சாயங்காலம் முள்ளுமுருங்கை அடை, ஸ்டேஷன் பக்கம் வாழையிலைத் துண்டில் வாங்கி நின்றபடியே சாப்பிடும் சூடான அல்வா, ராத்திரி கறி தோசை. சர்க்கரை இருப்பவருக்கு இதில் பாதி ஆகாது. முழுதாக மறுக்காமல் ஒன்றை வாங்கி மூன்று பேர் பங்கிட்டுக்கொண்டோம்.

ஒரு வேளையாவது அவர் சமைக்கட்டும். அவர் அம்மா செய்த ஏதாவது ஒன்றை, அளவு சொல்லிச் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கைப்பிடி, உழக்கு, ஒரு கொதி என்றுதான் அளவு வரும். பக்கத்தில் நின்றால்தான் அதெல்லாம் பிடிபடும்.

சொந்தக்காரர்கள்

வந்திருக்கிறார் என்று தெரிந்தவுடன் ஆளாளுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார்கள். ஒத்துக்கொண்டால் ஒன்பது நாளும் சோபாவில் போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து எல்லாரையும் உங்கள் வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். நடக்க முடியாத பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு மட்டும் நேரில் போய் வாருங்கள். அவர்கள்தான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மிச்சமிருப்பவர்கள்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ ஒரு மனத்தாங்கல் வரும். எங்களுக்கு ஏசி போடுவதில் வந்தது. அலுப்புதான் காரணம், வேறொன்றுமில்லை. மறுநாள் எந்த வேலையும் வைக்காமல் நான் அலுவலகம் போய்விட்டேன். அத்தை சாவியை எடுத்துக்கொண்டு தனியாக ஆட்டோ பிடித்து, பள்ளிக்கூடத்துச் சிநேகிதி ஒருத்தரைத் தேடிக் கண்டுபிடித்து, மத்தியானச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொண்டு வந்தார். எங்கே போனார், என்ன பேசினார் என்று அவராகச் சொன்னதற்குமேல் நான் கேட்கவில்லை.

எழுதி வையுங்கள்

பழைய போட்டோக்களை அவர் இருக்கும்போதே எடுத்துப் போடுங்கள். யார் யார் என்று கேட்டுப் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை முன்பக்கம் ஊறிவிடும். அவர் பேசுவதைப் பதிவு செய்வதாக இருந்தால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். எங்கள் வீட்டில் ஒரு போட்டோவில் யாரென்றே தெரியாமல் இருந்த பெண், அத்தைக்கு மூத்தவராகப் பிறந்து பதினோரு வயதில் காய்ச்சலில் போன அக்கா. அப்பா ஒருநாளும் அவரைப் பற்றிச் சொன்னதில்லை.

புறப்படும் நாள்

மதுரையிலிருந்து போகிறவர் மல்லி இல்லாமல் போகக்கூடாது. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ. பனிக்காலத்தில் விளைச்சல் குறைந்து விலை ஏறிக் கிடக்கும், இருந்தாலும் நாலு முழமாவது வாங்குங்கள். விரியாத மொட்டாகக் கட்டச் சொல்லி, வாழையிலையில் சுருட்டி, ஈரத்துணியைச் சுற்றிக் கொடுங்கள். புடவை எடுத்துக் கொடுப்பதாக இருந்தால் சுங்குடி. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்ததா, அச்சடித்ததா என்று கேட்டு வாங்குங்கள். முடிச்சுப் போட்டதில் ஒவ்வொரு புள்ளியும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும்.

கடைசி நாள் சாயங்காலம் அத்தை பாத்திரக்கடைக்குப் போகவேண்டும் என்றார். இரண்டு எவர்சில்வர் டம்ளர் எடுத்தார், ஒன்று அவருக்கு, ஒன்று எங்கள் வீட்டில் அவருக்காக இருக்க. பேர் வெட்டுகிற பையன் மெஷினைக் கையில் எடுத்து, "இனிஷியல் என்னம்மா போடணும்?" என்று கேட்டான். நாற்பது வருஷத்துக்கும் மேலாக மாமாவின் எழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தவர். கொஞ்சம் யோசித்து, எங்களுக்கு வைத்துவிட்டுப் போகிற டம்ளரில் மட்டும் தாத்தாவின் எழுத்தைப் போடச் சொன்னார்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. டம்ளர் அடுப்படி அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறது. ஆவணி மூலத்துக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், புட்டுத்தோப்பில் பிட்டுக்கு மண் சுமந்த திருவிழாவைப் பையனுக்குக் காட்ட வேண்டுமாம். நோட்டில் இன்னும் பதினேழு பக்கம் வெறுமையாக இருக்கிறது.